வாட வேண்டிய பாத்தி

— ரெஜியைக் குத்தம் சொல்லாதீங்க, ரெஷ்மா மேடம். பாத்தியில மலையாளத்துல பேரெழுதிக் குத்தின போர்டு ஒண்ணும் மாறல்ல.

— சுசீலாக்கா, இந்த வேரைப் பாருங்க. இது என் புது தக்காளி. வேர்ப்புழுவை எதிர்த்து நிக்கும்னு அஞ்சு வருஷமா நான் சொல்லிட்டிருக்கிற விதை. புழு போட்ட முடிச்சு எத்தனை இருக்கு?

— நெறைய கெடக்கு.

— பக்கத்துப் பாத்தி சாதாத் தக்காளி. புழு தின்னு வாடியிருக்கணும். வேர் சுத்தமா இருக்கு. ரெஜி ரெண்டு பாத்திக்கும் போர்டை மாத்திக் குத்தியிருக்கார். வேற என்ன?

— நாத்து நட்டது நான். எது எங்கன்னு எனக்குத் தெரியும்.

— போர்டு மாறிப்போச்சுன்னு நேத்தே நான் மெயில் போட்டாச்சு. மாத்தினவருக்கு இன்னையோட வேலை இல்லைன்னு டைரக்டர் பத்மஜா மேடம் சொல்லியாச்சு.

— அவனுக்கு ரெண்டு பிள்ளைகளாக்கும்.

— அப்போ காரணத்தைச் சொல்லுங்க.

— மார்ச் வெயில்ல சாதாச் செடி தலை தொங்கி நின்னுது. எனக்குப் பொறுக்கல்ல. வேப்பம்புண்ணாக்கு இடிச்சுத் தூருல போட்டேன். ரெண்டு தடவை.

— ஐயோ அக்கா, வேப்பம்புண்ணாக்கு புழுவைக் கொன்னுருமே. அந்தப் பாத்தி வாடணும். மண்ணுல புழு இருக்குன்னு அது வாடித்தான் காட்டணும். அதுக்குத்தான் நட்டது.

— வாடுத செடியை வெறுதே பாத்துட்டு நிக்க எனக்குத் தெரியாது மேடம்.

— என் பாத்திக்கும் போட்டீங்களா?

— இல்ல. மேடத்துக்க செடியைத் தொடப்பிடாதுன்னுல்லா சொன்னீங்க.

— அப்போ போர்டு சரி. தோத்தது என் விதைதான்.

— நல்லாத்தானே நின்னுது?

— மண்ணு இருபத்தெட்டு டிகிரி தாண்டினா புழுவை எதிர்க்கிற அந்தச் சக்தி வேலை செய்யாது. மார்ச்ல இங்கே முப்பத்திரண்டு. தாங்கும்னு நம்பிட்டேன்.

— குளிருல நட்டா?

— ஜெயிக்கும். டிசம்பர்ல இன்னொரு தடவை நட விட்டா, குளிர்காலத்துக்கு மட்டும்னு எழுதியே கொடுப்பேன். பட்சே விதை தோத்துதுன்னு தெரிஞ்சா இந்த ஆராய்ச்சியை இன்னைக்கே மூடிருவாங்க. போர்டு மாறினதுன்னா மட்டும்தான் மறுபடி நட விடுவாங்க.

— அதுக்கு ரெஜி போணுமா?

— தெரியலக்கா. ராத்திரி முழுக்க உறங்கல. பயமா இருக்கு.

— கண்ணைத் தொடைங்க. பத்மஜா மேடத்துக்க கார் வந்தாச்சு.

— ரெஷ்மா, எங்கே அந்த ரெஜி? போர்டை மாத்தினது அவர்தானே?

— பத்மஜா மேடம், அது வந்து... போர்டு...

— ரெஜி இல்ல மேடம், நான்தான். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. ரெண்டு போர்டையும் மாத்திக் குத்திட்டேன்.