காகிதக் குழலில் தெரிந்த மலை

— குழலைக் கண்ணுல ஒட்டிக்காதீங்கப்பா. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க.

— எனக்குத் தெரியும். ஒரு படம் பாக்க எதுக்குக் காகிதத்தைச் சுருட்டணும், அன்னெட்?

— நியூயார்க்ல எல்லாரும் இப்படித்தான் பாக்கறாங்க. சுவரு, படச்சட்டம் எதுவும் தெரியாது, மலை மட்டும்தான். சில பேரு தொப்பியக் கழட்டிடறாங்களாம்.

— மலைக்கா?

— மலையப் படைச்சவருக்கு.

— ம்... நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். படம் நம்ம வான் லோன் குடும்பத்துக்கு மரியாதையா இருந்தாத்தான் அத வரைஞ்ச அந்த மெரிட் உன்னைப் பொண்ணு கேட்டு வரலாம். இல்லன்னா அடுத்த படகுல ஊரப் பாத்துப் போகட்டும்.

— பாருங்கப்பா, பாத்துட்டுச் சொல்லுங்க.

— ஓடை இருக்கு. மலை... நம்ம மலைதான். நம்ம தோல் பட்டறை எங்க?

— அது... விட்டுட்டாரு.

— அவ்வளவு பெருசா நிக்குது, கண்ணு தெரியலையா அவனுக்கு?

— புகை குறுக்க வந்தா கடவுள் தெரியமாட்டாராம்.

— உங்க தாத்தா அந்தப் புகையிலதான் தினம் ஜெபம் பண்ணாரு. அவருக்குக் கடவுள் தெரிஞ்சாரே... மேல என்ன, ஒரே மரமா இருக்கு? தோல் பதப்படுத்தற பட்டைக்காக எல்லாத்தையும் நாமதான வெட்டினோம்.

— படத்துல திரும்ப நட்டுட்டாரு.

— யாரக் கேட்டு?

— நல்லா இல்லையாப்பா?

— ...நான் சின்னப் பையனா இருந்தப்ப இப்படித்தான் இருந்தது. இத அவன்கிட்ட சொல்லிடாத.

— சொல்லமாட்டேன்.

— இரு. பாறை மேல செவப்பா ஏதோ...

— அது சும்மா அளவுக்குப்பா. மலை எவ்வளவு பெருசுன்னு தெரியணுமில்ல? எல்லா ஓவியரும் இப்படி ஒரு ஆளைக் குட்டியா வெப்பாங்க.

— இந்தக் குட்டி ஆளு தொப்பிய முதுகுல தொங்கவிட்டிருக்கே. இந்தப் பள்ளத்தாக்குல அப்படித் திரியறவ ஒருத்திதான்.

— அன்னிக்கு வெயில் இல்லப்பா.

— என்னிக்கு?

— மலையப் பாருங்கப்பா, மலைய.

— பக்கத்துல பழுப்புக் கோட்டு. தன் படத்துல தானே வந்து நிக்கறானா?

— அதுவும் அளவுக்குத்தான்.

— கையப் பிடிச்சிருக்கறதும் அளவுக்கா?

— குழலக் குடுங்கப்பா, காபி ஆறுது.

— ஆறட்டும். உங்க ரெண்டு பேருக்கும் எதிர்ல கறுப்பா நிக்குதே, அது என்ன, கரடியா?

— கரடின்னே வெச்சுக்கங்கப்பா.

— கரடிக்கு முன்னால யாராவது ஓடாம தலையக் குனிஞ்சுட்டு நிப்பாங்களா? அன்னெட், கேக்கறேன்ல?

— கரடி இல்லப்பா... பாதிரியார். எங்களுக்குக் கல்யாண ஜெபம் பண்ணிட்டிருக்காரு.