வலது காலில் கியர்

பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களில் கியர் வலது காலில் இருக்கும் சார், பிரேக் இடது காலில். நாம் இப்போது ஓட்டுகிற வண்டிகளுக்கு நேர் எதிர். மூளை இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். காலுக்கு வருஷக்கணக்கில் ஆகும்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் நாளே அனிருத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். மயூர் விஹாரில் அவர் ஃப்ளாட்டைச் சுற்றி, "லெஃப்ட் ஃபுட், லெஃப்ட் ஃபுட்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவார். கால் தடுமாறினால் கை பிரேக்கைப் பிடித்துவிட்டுச் சிரிப்பார். "டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க அண்ணா, கை இருக்கே."

வண்டி 1954 மாடல். காகிதத்தில் அவருடையது. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போக இருந்ததை வாங்கிவந்தார். மூன்று வருஷம் அதற்கு உயிர் கொடுத்தவன் நான். நம்ம தமிழ் ஜனங்கள் இருந்த மதராசி கேம்ப்பில் என் குடிசைக்குள்தான் எஞ்சின் பிரித்துக் கிடந்தது. குடிசைகளை இடிக்கப் புல்டோசர் வந்த அன்று பாத்திரங்களை எடுக்கச் சொல்லி என் மனைவி அம்சவேணி கத்தினாள். நான் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் ஊருக்குப் போய்விட்டாள். அனிருத் தன் கார் ஷெட்டில் எனக்கு இடம் கொடுத்தார். நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலை முடிந்த வாரம் வந்து சொன்னார்: "லிங்கம் அண்ணா, வண்டிக்கு ஆள் கிடைச்சாச்சு. சண்டே காலைல நானே குருகிராம் ஓட்டிட்டுப் போய்க் குடுத்துடறேன்."

"விக்கவா தம்பி இதைச் சரி பண்ணேன்?"

"அரே, கட்டின பொண்டாட்டிய விக்கற மாதிரி பேசறீங்க. அச்சா, வேணும்னா ஒரு தாலி வாங்கித் தரேன், கட்டிட்டு அனுப்புங்க."

அவர் மனைவி ஸ்நேகா பால்கனியில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு யோசித்தேன். முன்பக்கம் நசுங்கினால் வாங்குகிறவர் வேண்டாம் என்பார். வண்டி என்னிடமே திரும்பும். ஃபோர்க் வளையும், மட்கார்டு போகும். ஆறு வார வேலை. வேறொன்றும் பெரிதாக ஆகாது.

சனிக்கிழமை மதியம் கையால் பிடிக்கிற முன் பிரேக்கின் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தினேன். மெதுவாகப் பிடித்தால் தாங்கும், இழுத்துப் பிடித்தால் கழன்றுவிடும்.

ஞாயிறு காலை அவர் போன வழியில், மேம்பாலத்து இறக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பியது. கை ஏமாந்ததும் கால் தன் பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது. வலது கால். அந்த வண்டியில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது. அடுத்த கியர் விழும்.

அவருடைய காரியங்கள் முடிந்து, போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் ஸ்நேகா என்னைக் கூப்பிட்டாள். "இதைப் பாக்கவே முடியல அண்ணா. நீங்களே வச்சுக்கோங்க."

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன், கியர் லீவரைத் தவிர. நின்றுவிடும் என்று நம்பி அவர் மிதித்த மிதியில் அது கீழே வளைந்திருந்தது. சூடு காட்டி நிமிர்த்தினேன். மறுநாள் காலை வளைந்திருந்தது. ஐந்து முறை நிமிர்த்தினேன். ஷெட்டுக்கு ஒரே சாவி, அது என் இடுப்பில். இன்று காலை என் கண் முன்னாலேயே மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் இன்னும் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நட்டைத் தளர்த்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேண்டுமானால் ஷெட்டில் போய்ப் பாருங்கள். வண்டியோடு வந்த அசல் ஹெட்லைட் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமையே அதைக் கழற்றிவிட்டு, ஒரு மட்ட ரக லைட்டை மாட்டித்தான் அனுப்பினேன். ஒரு கண்ணாடி உடைவதைக்கூடத் தாங்காதவன் சார் நான்.