என் முகத்தைப் பார்த்தவர்

பேட்டரியும் பாலைப் போலத்தான், ஐயா. திறந்துவிட்டால் தானாகவே கெட்டுப்போகும். நான் அவருடைய காது மெஷினை உடைக்கவில்லை என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் சுரங்க ஊரில் காது போவதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. பாஸ்பேட் பாறையைத் துளைத்தவர்களில் யாருக்குக் காது மிச்சம்? என் கணவர் பெல்காசிமுக்குக் காது போனதைக் கண்டுபிடித்தது நான்தான். கல்யாண வீட்டில் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சிரிப்பார். எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்பார். கொஞ்ச நாளில் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அதன்பிறகு அவரைச் சமாளித்தவள் நான். தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவேன். வெளிச்சம் என் முகத்தில் விழும்படி விளக்கை மாற்றி வைத்தேன். மெதுவாகச் சொல்வேன், புரியாவிட்டால் திரும்பச் சொல்வேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்புப் புகையில் கரிந்த முகம் இது. பேரன் எடுத்த வயதில் எந்தப் பெண்ணை அவள் புருஷன் அப்படிப் பார்க்கிறான்?

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் அவரை அழைத்துப்போய்க் காது மெஷின் போட்டுவிட்டாள். வீடு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் மப்ரூகா கத்துற? உன் குரல் எப்ப இப்படி ஆச்சு?"

அவருக்காகக் கத்தித்தான் ஆச்சு, ஐயா.

பக்கத்து வீட்டு ஜாஸியா புருஷனை இழந்தவள், மெல்லப் பேசுகிறவள். அந்தக் குரல் எட்டாததால் இத்தனை வருஷமும் அவருக்கு அவள் இல்லாதவள்தான். மறுநாளே மதில் மேல் அவள் தலை தெரிந்தது.

"அண்ணே, காது கேக்குதாமே? அப்ப நான் இவ்வளவு நாள் திட்டினதெல்லாம் வீணா?"

"முதல்லேருந்து திட்டு. எனக்கு வேறென்ன வேலை?"

"மதினி, நீங்களும் சிரிங்க. உங்களையா திட்டினேன்?"

சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னார். காதுதான் கேட்கிறதே, முகம் எதற்கு? சாயங்காலம் மதிலோரம் நாற்காலி போட்டு உட்காருவார். அந்தப் பக்கம் ஜாஸியா தறியில் கம்பளி நெய்துகொண்டே பாடுவாள். இவர் கண்ணை மூடிக் கேட்பார். தப்பாக எதுவும் நடக்கவில்லை, அதை நானே சொல்கிறேன். என் குரலை அவர் ஒருநாளும் கண்மூடிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேட்டரியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். பிரித்தால் காற்றுப் பட்டு வேலை செய்ய ஆரம்பிக்கும். மறுபடி ஒட்டினாலும் நிற்காது. மகள் வாங்கி வைத்திருந்த பேட்டரிகளை எல்லாம் பிரித்து, திரும்ப ஒட்டி, டப்பாவில் வைத்தேன். கொஞ்ச நாளில் எல்லாம் செத்துப்போயின. "ஏமாத்திட்டானுங்க" என்று மெஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். நல்ல நாட்கள் அவை.

ஜாஸியாதான் விடவில்லை. "மெஷின்ல கோளாறு இருக்காது மதினி. என் தம்பி கஃப்ஸா டவுன்ல காது மெஷின் கடையிலதான் இருக்கான். சார்ஜ் போடுற மாதிரி மாத்திக் குடுப்பான். அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க."

அன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பினோம். பாஸ்பேட் ரயில் போகும் பாதைக்கு எங்கள் பக்கம் கேட் கிடையாது, உங்களுக்கே தெரியும். நான் முன்னால் கடந்தேன். வளைவில் ரயில் வருவதைப் பார்த்தேன். இறக்கத்தில் அது நிற்காது. ஹார்ன் அடித்ததும் கேட்டது, என் காதில் குறையில்லை. அவர் தண்டவாளத்துக்கு நடுவில் வந்துகொண்டிருந்தார். தரை அதிர்ந்திருக்கும்தான். துளைக்கருவி பிடித்து மரத்துப்போன உடம்புக்கு அதெல்லாம் தெரியாது.

கையை ஆட்டியிருந்தால் ஓடி வந்திருப்பார். நான் பேசினேன்.

"ஜாஸியா குரல் அவ்வளவு நல்லாருக்கா?"

அவர் நின்றார். "என்ன? திரும்பச் சொல்லு."

வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, மெதுவாகத் திரும்பச் சொன்னேன்.

நான் செய்ததை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஜாஸியாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். கடைசிவரை அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.