அப்பா பேருக்கு ஆஜர்

சர்வகலாசாலை என்றால் ஒரே பெரிய கொட்டகை, ஆயிரம் பையன்கள், ஒரே வாத்தியார் என்று நம்பியிருந்தேன். அதனால் லண்டனுக்குப் போகிறேன் என்ற மகனுக்கு ஒரு மாதம் பதிலே சொல்லவில்லை. பாசார் சந்தைக் கூட்டத்தில் இன்னும் அவன் கையை விடாதவன் நான். அவனுக்குப் பத்தொன்பது வயது.

எங்கள் தீவில் ஆயர் ஈத்தாம் என்ற ஊருக்கு டிராம் ஓடிய காலம் அது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர்.

"கோவிந்தண்ணே, அவ்வளவு பெரிய இடத்துல எம் மவன் பேரு யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தனுக்கும் தெரியாது, மாணிக்கம். உம் பேருதான் தெரியும்."

"எம் பேரா?"

"நம்ம பிள்ளைங்களுக்கு அப்பன் பேரு கடைசியில வருதுல்ல? அதுதான் குடும்பப் பேருன்னு வெள்ளைக்காரன் நெனச்சுக்குறான்லா. எம் மவனைத் தினமும் வகுப்புல ஆஜர் எடுக்குறப்ப 'மிஸ்டர் கோவிந்தன்'னுதான் கூப்பிடுறானாம்."

"நீங்க மூணாங்கிளாசோட நின்னவராச்சே!"

"இப்ப லண்டன்ல ரெண்டாவது வருஷம்!"

மாணிக்கம் வெகுநேரம் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போயிட்டு வரட்டும்ணே."

வீட்டுக்குப் போனதும் மகனிடம் சரி என்றேன்.

அவனுடைய முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: "அப்பா, செவ்வாய்க்கிழமை நீங்கள் வகுப்புக்கு வரவில்லை. எனக்குக் காய்ச்சல்."