அப்பா பெயருக்கு எதிரே பச்சை

கிட்ட வந்து உட்காருங்கள். போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள்… இந்தக் கதைக்கு அதுதான் நல்லது.

மணி பகல் பன்னிரண்டு நாற்பது. ஆமாம், பகல். பேய்க்கு ராத்திரிதான் ஆகும் என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் பிள்ளையைத் தனியே விடாதே என்று நம் பக்கத்தில் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? அமாவாசைகூட இல்லை, வெறும் வியாழக்கிழமை. விஜயபுரத்துக்குள் பிரிகிற மண் சாலை. இரண்டு பக்கமும் பறித்து முடித்த கடலைக் கொல்லை. ஆள் இல்லை, ஆடு இல்லை. காய்ந்த கடலைக்கொடி வாசனை. எங்கேயோ ஒரு போர் மோட்டார் மட்டும்… தட்… தட்… தட்…

அங்கே ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். பெயர் ரோஜா. வேன் கிளம்பிப் போய்விட்டது.

இது எனக்குத் தெரிந்தது என் சிநேகிதன் கோவர்த்தனன் மூலமாக. அவனோடு வேலை செய்கிற ஹரிதாவின் வீட்டில் நடந்தது. ரோஜா ஹரிதாவின் அண்ணன் மகள். அந்த நிமிஷத்தில் ஹரிதா அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், திருப்பதியில், அலிபிரி போகும் வழியில் ஒரு மாடி அறையில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்கு ஆப் செய்து கொடுத்தவளே ஹரிதாதான். பிள்ளையை இறக்குவதற்கு முன்னால் வேன் ஓட்டுநர் தன் போனைப் பார்க்க வேண்டும். வீட்டு ஆள் யாராவது ஆப்பில் நுழைந்து, 'நான் நிற்கிறேன்' என்ற இடத்தைத் தொட்டிருந்தால் பச்சை எரியும். பச்சை இல்லையென்றால் பிள்ளை இறங்கக் கூடாது, அதே வேனில் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். நல்ல ஏற்பாடு. பெற்றவர்கள் கும்பிட்டார்கள்.

ஆப்பில் நுழைவதற்கு ஒரு பெட்டி உண்டு இல்லையா? போன் நம்பரைப் போட்டால் ஆறு இலக்க எண் வரும், அதை அடித்தால் திறக்கும். அந்தப் பெட்டியை ஹரிதா ஒரே ஒரு தடவைதான் செய்தாள். பிறகு செய்த ஆப்புக்கெல்லாம் அதையே எடுத்து மாட்டினாள். பால் சொசைட்டிக்கு, லாட்ஜுக்கு, பள்ளிக்கு… ஆறு வீட்டுக்கும் ஒரே தச்சன் செய்த ஒரே கதவு. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க ஒரு நம்பர் வேண்டும். அண்ணன் சந்துருவின் நம்பரைப் போட்டாள். ஒரு நாளைக்கு இருபது முறை அவனுக்கு எண் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே திட்டினான்.

"இன்னா ஹரிதா, வண்டி ஓட்டிக்கினு கீறேன், சும்மா சும்மா டிங்கு டிங்குன்னு அனுப்பிக்கினே கீற?"

அதனால் அவன் நம்பருக்கு மட்டும் ஒரு சலுகை வைத்தாள். எண் போகாது. எப்போதும் 222222, ஆறு இரண்டு. அதை அடித்தால் திறந்துவிடும். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். இந்தத் தொழிலில் இருப்பவன் எல்லாம் அப்படித்தான் நினைப்பான். எவன் எடுத்திருக்கிறான்?

போன செப்டம்பரில் தடா ஹைவேயில், விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் பைக்கோடு போய் மோதினான் சந்துரு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை. சொந்தக் கொல்லையின் ஓரத்திலேயே புதைத்தார்கள்.

பிறகு ஒவ்வொரு இடமாகப் பெயரை எடுத்தார்கள். ரேஷன் கார்டில் எடுத்தார்கள். கேஸ் புத்தகத்தில் மாற்றினார்கள். சிம் கார்டு தானாகவே செத்துப்போயிற்று. பாக்கி இருந்தது ஹரிதாவின் ஆப் ஒன்றுதான். ரோஜா என்ற பெயரைத் தொட்டால் கீழே 'அப்பா: சந்துரு' என்று வரும். அதை அழிக்க ஹரிதாவுக்குக் கை வரவில்லை. பாவம், தங்கைதானே.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வாருங்கள். கோடைக்கு முன் அரைநாள் பள்ளி நடக்கிற காலம். ரோஜாவின் அம்மா செங்கமலம் நகரியில் தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், தினமும் ஓடி வந்து வேனைப் பிடிப்பாள். அன்றைக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தேழு. லேப்டாப்பில் டிங் என்றது. யாராவது ஆப்பில் நுழைந்தால் ஹரிதாவுக்கு அப்படிச் சத்தம் வரும். பார்த்தாள்.

சந்துரு. அப்பா. உள்ளே இருக்கிறார்.

எவனோ விளையாடுகிறான், ஆறு இரண்டைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தாள். வெளியே தள்ளினாள். மூன்று விநாடி… டிங். சந்துரு உள்ளே.

ரகசிய எண்ணை மாற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் கையை அடித்து, என்ன எண் விழுந்தது என்று தானே பார்க்காமல் மாற்றினாள். டிங். முதல் தடவையிலேயே சரியாக அடித்திருந்தது.

சலுகையையே தூக்கினாள். இனி எல்லோரையும் போல அவன் நம்பருக்கும் எண் போக வேண்டும். செத்த சிம்முக்கு எப்படிப் போகும்? போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எஸ்.எம்.எஸ். அனுப்புகிற கம்பெனியிலிருந்து தகவல் வருமே, அதைப் பார்த்தாள்.

சேர்ந்தது.

நான்கு விநாடி. டிங். உள்ளே வந்த கையோடு, 'நான் நிற்கிறேன்'. அப்பா பெயருக்கு எதிரே பச்சை எரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று நிமிஷமாக நாம் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்… ஓட்டுநருக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? அந்த மூன்று நிமிஷத்துக்காக ஹரிதா இன்று வரைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

ஓட்டுநர் வேதாச்சலம் ஒரு வாரம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். சந்துரு செத்தது அவருக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட்டாள்.

"எறக்கி உட்டுட்டேனே மேடம். பச்ச எரிஞ்சிச்சே."

"யாரு நின்னாங்க? வேதாச்சலம், யாரு நின்னாங்க அங்க?"

"பாப்பாவோட நைனா மேடம். தலையில துண்டப் போட்டுக்கினு நின்னுக்கினு இருந்தாரு. வெயிலுக்கு மூஞ்சி செரியா தெரில. பாப்பா நைனான்னு ஓடிச்சி… இன்னா மேடம்? மேடம்?"

ஹரிதா அண்ணியைக் கூப்பிட்டாள். செங்கமலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். திருப்பதியில் ஹரிதாவுக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு செருப்புச் சத்தம் நின்றுபோய் வெறுங்கால் சத்தம். மோட்டார் சத்தம் கிட்டே வந்தது, தூரப் போயிற்று.

"ரோஜா… ஏ ரோஜா…"

சாலையில் இல்லை. மோட்டார் ரூமில் இல்லை. கொல்லை ஓரத்தில், அவனைப் புதைத்த இடத்திலும் இல்லை. ஹரிதா போனைக் காதில் வைத்துக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டாள். வேறென்ன செய்வாள்?

கடைசியில் செங்கமலம் வீட்டுக்கு வந்தாள். காலையில் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. திறந்தாள்.

உள்ளே ரோஜா உட்கார்ந்திருந்தாள். கால் கழுவின ஈரம் தரையில் இருந்தது. ஷூ இரண்டும் ஜோடியாகச் சுவர் ஓரத்தில். வீடு முழுக்க டீசல் வாசனை, சந்துரு வண்டி ஓட்டிவிட்டு வந்தால் அடிக்கிற அதே வாசனை. காலையில் செங்கமலம் இழுத்துப் பின்னிவிட்ட இரட்டைச் சடையை யாரோ அவிழ்த்து ஒற்றைச் சடையாகப் போட்டிருந்தார்கள். கோணலாக, தொளதொளவென்று… பின்னத் தெரியாத கை பின்னின சடை. யார் பின்னியது என்று கேட்டால் பிள்ளை சிரித்தாள்.

அன்று மாலையே ஹரிதா ஊருக்கு வந்துவிட்டாள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணி, அண்ணன் பேர எடுத்துடறேன்" என்றாள்.

செங்கமலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காத ஹரிதா. எல்லாத்துலயும் எடுத்தாச்சி. இது ஒண்ணுதான் பாக்கி கீது. நான் வர லேட்டாச்சி, அவரு வந்து புள்ளைய பத்திரமா ஊட்டுல சேத்துட்டுப் போனாரு. இதுல இன்னா தப்பு கீது சொல்லு?"

அவள் அழவில்லை. கண்ணில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஏழு மாதமாக இல்லாத சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு எந்த நாத்தனார் அழிப்பாள்? நாம் இருந்தால் அழித்திருப்போமா? உள்ளே வர முடியாதபடி தடை மட்டும் போட்டுவிட்டு, பெயரை விட்டுவைத்தாள். அங்கேதான் தப்பு நடந்துவிட்டது.

கோடை விடுமுறை ஓடியது. மே மாதமும் போயிற்று. ஒரு டிங்கும் இல்லை. போன வாரம் ஹரிதா சும்மா பள்ளி ஆப்பைத் திறந்தாள். ரோஜாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு. என்னவென்று தொட்டுப் பார்த்தாள்.

டி.சி. கேட்டு விண்ணப்பம் வந்திருந்தது. விண்ணப்பித்தவர்: அப்பா. காரணம்: அப்பாவுடன் இருக்க. சேரப்போகும் பள்ளி என்ற இடம் காலி. விலகும் நாள்: ஜூன் பன்னிரண்டு. கீழே, 'ஒப்புதல் அளிக்கப்பட்டது'.

பள்ளி ஆபீசில் ஒப்புதல் போடுகிற லட்சுமம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நைனா லாகின்லருந்துதானம்மா வந்துச்சி? பேரு, நம்பரு, பாப்பா பொறந்த தேதி எல்லாம் செரியா கீது. அறுநூறு புள்ளைங்க. யாரு உசுரோட கீறாங்கன்னு நான் ஊடு ஊடா போய்க் கேக்கணுமா?"

சரி, விண்ணப்பத்தை ரத்து செய்யலாம் என்று பார்த்தாள். 'விண்ணப்பித்தவர் மட்டுமே திரும்பப் பெற முடியும்' என்று வந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஒருவர் போட்டதை மற்றவர் மாற்றிவிடக் கூடாது என்று அந்த வரியை எழுதியவளே ஹரிதாதான். நியாயமான வரி. அந்த நியாயம் இப்போது அவள் கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளே புகுந்து அந்த விண்ணப்பத்தை வேரோடு அழித்தாள். மறுபடி திறந்தால் இருந்தது. அப்பா பெயரை எடுத்தாள். அதுவும் திரும்பி வந்தது. கோவர்த்தனனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் பெரிய கெட்டிக்காரன், பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, விடியற்காலை சர்வரையே அணைத்தான். ஆப் மொத்தமும் செத்துப்போயிற்று. பள்ளியில் யாருக்கும் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

ரோஜாவின் பக்கம் மட்டும் திறந்தது.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர். எழுத்து மூலமாகவே, 'இந்த டி.சி. செல்லாது' என்று சிவப்பு மையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். செங்கமலம் அந்தத் தாளை வாங்கிச் சாமி படத்தில் சொருகி வைத்திருக்கிறாள். அன்றைக்குச் சந்தோஷப்பட்டவள்தான்… இப்போது பிள்ளையைத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்குகிறாளாம். தூங்குகிறாள் என்று சும்மா சொல்கிறேன். கண் மூடுவதே இல்லை.

இன்றைக்குத் தேதி என்ன? …ஆமாம், பதினொன்று. நாளைக்குப் பள்ளி திறக்கிறார்கள். ஹரிதாவும் கோவர்த்தனனும் செங்கமலத்தின் வீட்டில்தான் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்து ஜனங்களும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னால் கோவர்த்தனன் போன் போட்டான். குரலே அவன் குரலாக இல்லை.

டி.சி. விஷயத்தை ரோஜாவிடம் யாரும் மூச்சு விடவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்குப் போட்டுக்கொள்ள செங்கமலம் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு எடுத்துவந்திருக்கிறாள். ரோஜா அதைத் தள்ளிவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து பொங்கலுக்கு எடுத்த பட்டுப்பாவாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம்.

"அது வேணாம்மா. புது ஸ்கூல்ல யூனிபாரம் கெடயாதாம்."