நீங்க கயிறு போடு

தேநீர் நன்றாக இருக்கிறது, அதிகாரி அம்மா. கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பவில்லை; நிறைய ஊற்றினால் எங்கள் பக்கம் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். மரியாதை தெரிந்த வீட்டில் வளர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் எதையும் ஒளிக்க மாட்டேன்.

நாரின் நகரில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன் நான். சம்பந்தி ரிஸ்பெக் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. பிஷ்கெக்கில் பழைய கார் வாங்கி விற்கிறார். ருஷ்யப் பள்ளியில் படித்தவர். எங்கள் கிர்கிஸ் மொழியை, குண்டும் குழியுமான ரோட்டில் கண்ணாடி ஏற்றிய லாரியைப் போல ஓட்டுவார்.

என் மகள் ஐஜிரெக்கின் கல்யாண விருந்தில் எழுந்து கோப்பையை உயர்த்தினார். "பொண்ணும் மாப்ளையும் நூறு வருஷம் சந்தோஷமா வாழ்ந்தாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். உயிரோடு உட்கார்ந்திருந்த பெண்ணை ஒரே வினைமுற்றில் புதைத்துவிட்டார். "வாழட்டும்" என்று மெதுவாகத் திருத்தினேன்.

"அதேதான் சம்பந்தி! நீங்க குடி!" என்று முதுகில் தட்டினார்.

பொறுத்துக்கொண்டேன்.

இந்தக் கோடையில் எங்கள் மேய்ச்சல் முகாமுக்கு வந்தார். புளித்த குதிரைப்பால் தந்த உற்சாகத்தில் ஆற்றைக் குதிரையில் கடக்கிறேன் என்று இறங்கினார். பனி உருகி வரும் நேரம், வேண்டாம் என்றேன். குதிரைக்கு அறிவு அதிகம். பாதியில் அவரைத் தள்ளிவிட்டுக் கரையேறிவிட்டது. சம்பந்தி நடு ஆற்றில் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். என் சேணத்தில் கயிறு இருந்தது. எடுத்துச் சுழற்றவும் செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"சம்பந்தி! நீங்க கயிறு போடு!" என்று கத்தினார்.

என் கை நின்றுவிட்டது.

"'நீங்க'ன்னு ஆரம்பிச்சா 'போடுங்க'ன்னு முடிக்கணும், சம்பந்தி."

"என்னது?"

"'நீ போடு', இல்லாட்டி 'நீங்க போடுங்க'. ரெண்டுல ஒண்ணு."

"யோவ், தண்ணி மூக்குக்கு வந்துருச்சு! தவாய், தவாய்!"

"அது ருஷ்யச் சொல்லு. 'சீக்கிரம்'னு நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு."

அவரும் முயன்றார், மறுக்க மாட்டேன். "நீங்க... போடுங்கடா!" என்றார். ரொம்பவே நெருங்கிவிட்டார். அந்த 'டா' வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாறை மேல் ஆளைக் காணோம்.

கீழே வளைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவரை இழுத்துப் போட்டார்கள். தாடை உடைந்து கம்பி கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. ஐஜிரெக் ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னை மறித்து, "உங்களை இனிமே அப்பான்னு கூப்பிட மாட்டேன்" என்றாள். வலித்தது. ஆனால் வாக்கியம் சுத்தமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சற்று முன் சம்பந்தி எழுதிக் கொடுத்த புகாரைக் காட்டினீர்களே. "சம்பந்திக்கு நான் கயிறு வெச்சுக்கிட்டே போடலை." வேற்றுமை உருபை இடம் மாற்றிவிட்டார். இதன்படி ஆற்றில் கிடந்தவன் நான். கயிற்றோடு கரையில் நின்றவர் அவர். என் வக்கீல் மேசைக்கடியில் காலை மிதிக்கிறார். "தயவுபண்ணி வாயத் திறக்காதீங்க. இந்த வாக்கியம் இருக்கிற வரைக்கும் கேஸே நிக்காது" என்று காதில் முணுமுணுக்கிறார்.

நல்ல மனிதர். ஆனால் இதை இப்படியே எப்படி விடுவது? உங்கள் பேனாவைக் கொடுங்கள்.

"சம்பந்தி கயிற்றை வைத்துக்கொண்டே எனக்கு வேண்டுமென்றே போடவில்லை."

'வேண்டுமென்றே' நான் சேர்த்தது. அது இல்லாமல் பொருள் முழுமை பெறவில்லை.

பாருங்கள், இப்போது பிழை எங்கேயும் இல்லை.