இந்த மாசம் நில்

அண்ணி: தாத்தா செத்துட்டார்னு எழுது.

கொழுந்தன்: எந்தத் தாத்தா?

அண்ணி: ஏதோ ஒரு தாத்தா. பேரா கேக்கப் போறாங்க?

கொழுந்தன்: வேண்டாம் அண்ணி. பேங்க் லோன் தவணைக்கே ரெண்டு பேரையும் அனுப்பி வச்சாச்சு. இனிமே நம்ம குடும்பத்துல சாகறதுக்குத் தாத்தா பாக்கி இல்ல.

அண்ணி: அப்ப உனக்கு உடம்பு சரியில்லைன்னு போடு.

கொழுந்தன்: ஏழு மாசமாவா? என்னைப் பாத்தா ஏழு மாசம் படுத்த ஆள் மாதிரியா இருக்கு?

அண்ணி: பட்டறையில வேலை செய்யறப்போ பாத்தா அப்படித்தான் இருக்கும்.

கொழுந்தன்: இது இப்ப தேவையா...

அண்ணி: சும்மா சொன்னேன்பா. எழுது. அபராதத் தள்ளுபடி மனுவுல காரணம்னு போட்டிருக்கிற கட்டம் இன்னும் வெள்ளையாவே இருக்கு. நமக்கு முன்னாடி இன்னும் ஒருத்தர்தான்.

கொழுந்தன்: கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுன்னு போடவா?

அண்ணி: இப்ப உள்ள போயிட்டு வந்தாரே, அந்த மரக்கடைக்காரர், அவரும் அதைத்தான் சொன்னாராம்.

கொழுந்தன்: என்ன ஆச்சு?

அண்ணி: என்ன கம்ப்யூட்டர்னு கேட்டாங்களாம். மரக் கலர்ல இருக்கும்னாராம்.

கொழுந்தன்: சரி, வேண்டாம். மழையில பேப்பரெல்லாம் நனைஞ்சு போச்சுன்னு...

அண்ணி: டேய்.

கொழுந்தன்: என்ன?

அண்ணி: நம்ம தொழில் என்ன?

கொழுந்தன்: மழைக்கோட்டு தைக்கிறது.

அண்ணி: மழைக்கோட்டு தைக்கிறவங்க வீட்டுப் பேப்பர் மழையில நனைஞ்சு போச்சுன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கப் போறியா? அதுக்கப்புறம் எவன் வாங்குவான் நம்ம கோட்டை?

கொழுந்தன்: ...அதுவும் சரிதான்.

அண்ணி: எனக்கு என்னமோ ஆறவே மாட்டேங்குது. வித்திருந்து, வரியை ஏமாத்தியிருந்தா அபராதம் போடட்டும். வெயில் காலத்துல ஒரு கோட்டுகூட விக்கல. அதுக்கு எதுக்கு அபராதம்?

கொழுந்தன்: விக்கலைன்னா விக்கலைன்னு மாசாமாசம் தாக்கல் பண்ணணுமாம். இல்லாததை இல்லைன்னு சொல்லாததுக்குத்தான் இந்த அபராதம்.

அண்ணி: இல்லாததுக்கே இவ்வளவுன்னா, இருந்திருந்தா?

கொழுந்தன்: ஒவ்வொரு நாளும் ஏறியிருக்கு அண்ணி. நிக்க வச்ச டாக்சி மாதிரி மீட்டர் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. நாம உள்ள நிம்மதியாத் தூங்கிட்டு இருந்திருக்கோம்.

அண்ணி: இந்த மாசம் முதல் பில் போட்டப்பதான தெரிஞ்சுது.

கொழுந்தன்: பழசெல்லாம் பாக்கி, அதை முடிச்சுட்டு வான்னு வரி வெப்சைட் கதவைச் சாத்திருச்சே. நல்லவேளை, இப்பவாவது சொல்லுச்சு.

அண்ணி: மெஷின்காரர் பேசினாரா?

கொழுந்தன்: காலைலேயே ரெண்டு தடவை. சாயங்காலத்துக்குள்ள முழுப் பணம் வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். பழைய டேப் ஒட்டற மெஷின்தான், ஆனா இந்த விலைக்கு இனிமே கிடைக்காது.

அண்ணி: அது இல்லாம இந்த வருஷம் தைக்கவே முடியாது. தையல் மேல டேப் ஒட்டாம போன வருஷம் குடுத்ததுல பாதி, தோள்ல ஒழுகுதுன்னு திரும்பி வந்துச்சு. டெய்லர் அக்கா மூணு பேரையும் திங்கக்கிழமை வரச் சொல்லிட்டேன். வந்து என்ன பண்ணுவாங்க? என் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்களா?

கொழுந்தன்: அபராதம் தள்ளுபடி ஆனா மெஷின். ஆகலைன்னா...

அண்ணி: அந்த வார்த்தையை முடிக்காத.

கொழுந்தன்: அண்ணி... பேசாம நடந்ததை அப்படியே சொல்லிட்டா என்ன?

அண்ணி: சொன்னா சிரிப்பாங்க.

கொழுந்தன்: சிரிச்சா நல்லதுதானே? சிரிச்சவங்களுக்கு இல்லைன்னு சொல்ல மனசு வராது.

அண்ணி: சொல்லு. ஆனா அவர் பேரு மட்டும் வரவே கூடாது. கிளம்பும்போது ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் கூட வந்திருக்கார்.

கொழுந்தன்: ஆளை மட்டும் மாத்திக்கலாம். போன் எடுத்தது நான்னு சொல்லிடறேன்.

அண்ணி: நீ எதுக்கு? கடை என் பேர்ல இருக்கு. நான் சொல்றேன்.

கொழுந்தன்: உங்களைப் பாத்தா நம்ப மாட்டாங்க அண்ணி. விவரமான மூஞ்சி.

அண்ணி: உன்னைப் பாத்தா உடனே நம்பிடுவாங்கன்றியா?

கொழுந்தன்: அதுதான் நம்ம பலம். வாங்க, நம்பர் வந்திருச்சு.

அதிகாரி: உக்காருங்க. மழைக்கோட்டுப் பட்டறை... ஏழு மாசம் தாக்கல் பண்ணல. தாமதக் கட்டணம் தள்ளுபடி கேக்கறீங்க. காரணம்னு இருக்கிற இடத்துல ஒண்ணும் எழுதலையே?

கொழுந்தன்: நேர்ல சொல்லலாம்னு மேடம். எழுதினா சரியா வராது.

அதிகாரி: சொல்லுங்க. முதல்லயே சொல்லிடறேன், கம்ப்யூட்டர் கெட்டுப் போன கதை இன்னிக்கு நாலு கேட்டாச்சு.

கொழுந்தன்: இது வேற மேடம். எங்களுக்கு ஒரு வரிக் கன்சல்டன்ட் இருந்தார். மழை நின்னதும் விற்பனை நின்னுருச்சு. அவர் போன் பண்ணி, இந்த மாசம் நில்னார்.

அதிகாரி: ஆமா. நில் ரிட்டர்ன். விற்பனை பூஜ்யம்னு தாக்கல் பண்ணணும்.

கொழுந்தன்: அது இப்ப தெரியுது. அப்போ... நில்லுன்னு சொல்றார்னு நினைச்சு...

அதிகாரி: நினைச்சு?

கொழுந்தன்: நின்னுட்டோம்.

அண்ணி: மேடம், சிரிக்கறீங்களா?

அதிகாரி: இல்லம்மா. தும்மல் வந்துச்சு. ...ஏழு மாசமும் நின்னுட்டே இருந்தீங்களா?

கொழுந்தன்: போன்னு யாரும் சொல்லல மேடம்.

அதிகாரி: சரி, சரி. தெரியாம நடந்த தப்புன்னா தள்ளுபடி பண்ண எனக்கு இடம் இருக்கு. விற்பனையும் இல்ல, வரி பாக்கியும் இல்ல. ஆனா ஒரு விஷயம். தப்பாப் புரிஞ்சுக்கிட்டவர் எவரோ, அவரே எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரு போன் எடுத்தது?

அண்ணி: நான்தான் மேடம்.

கொழுந்தன்: நான் மேடம்.

அதிகாரி: ஒரு போனை ரெண்டு பேர் எடுத்தீங்களா?

கொழுந்தன்: அண்ணி பெருந்தன்மையா சொல்றாங்க மேடம். நான்தான்.

அதிகாரி: நீங்க என்ன படிச்சிருக்கீங்க தம்பி?

கொழுந்தன்: அது வந்து... காலேஜ்.

அதிகாரி: காலேஜ்ல?

கொழுந்தன்: ...காமர்ஸ்.

அதிகாரி: காமர்ஸ் படிச்சிட்டு நில்னா நிக்கிறதுன்னு நினைச்சீங்க?

கொழுந்தன்: நான் பின் பெஞ்ச் மேடம்.

அண்ணி: அவன் பொய் சொல்றான் மேடம். போன் எடுத்தது நான்தான். எனக்கு இந்த இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் ஓடாது. அடுப்புல வேலையா இருந்தேன், காதுல விழுந்ததை வச்சு...

அதிகாரி: இருக்கட்டும்மா, பதட்டப்படாதீங்க. தண்ணி குடிங்க. கோட்டெல்லாம் நீங்களே வெட்டறீங்களா?

அண்ணி: ஆமா மேடம். வெட்டறது நான், தைக்கிறதுக்கு மூணு பேர்.

அதிகாரி: என் வீட்டுக்காரருக்கு எங்க தேடினாலும் அளவு கிடைக்க மாட்டேங்குது. ஆள் கொஞ்சம் பெருசு. எக்ஸ்எல் இருக்கா உங்ககிட்ட?

அண்ணி: எக்ஸ்எல் இப்ப நில் மேடம். மீடியம்தான் நிறைய...

கொழுந்தன்: அண்ணி.

அண்ணி: ...ஐயோ.

அதிகாரி: எக்ஸ்எல் எங்க போய் நின்னுச்சும்மா?

கொழுந்தன்: விவரமான மூஞ்சின்னு நான் அப்பவே சொன்னேன்.

அதிகாரி: ஆக, நில்லுக்கு அர்த்தம் தெரிஞ்ச ரெண்டு பேர் சேர்ந்து, தெரியாத ஒருத்தரை மறைக்கறீங்க. எதுக்கு? அவரை நான் என்ன ஜெயில்லயா போடப் போறேன்?

கொழுந்தன்: ஜெயில்னாகூட பரவாயில்லைன்னார் மேடம்.

அண்ணி: நீ வாயை மூடு.

அதிகாரி: இங்க பாருங்க. நீங்க சொன்ன கதையை நான் நம்பறேன். இப்படி ஒண்ணை யாராலயும் உக்காந்து யோசிச்சு சொல்ல முடியாது. ஆனா தப்பான ஆள் கையெழுத்தை வாங்கி நான் தள்ளுபடி எழுத முடியாது. அவர் வந்து நாலு வரி எழுதிக் குடுத்தா இப்பவே முடிச்சுடறேன். இல்லைன்னா முழுசாக் கட்டிட்டுப் போங்க.

கொழுந்தன்: மெஷின் போயிரும் அண்ணி.

அண்ணி: சத்தியம் பண்ணியிருக்கோமேடா.

கொழுந்தன்: நாமதான சொல்ல மாட்டோம்னு பண்ணினோம். மேடமா கண்டுபிடிச்சா அதுல வராது.

அண்ணி: அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

கொழுந்தன்: இன்னும் ரெண்டு கேள்வி கேக்கட்டும். உங்க வாய் இருக்கே.

அதிகாரி: கேக்கறேன். ஒண்ணு எனக்குப் புரியவே இல்ல. ஏழு மாசத்துல ஒரு தடவைகூட அந்தக் கன்சல்டன்ட் உங்களைக் கூப்பிடலையா?

கொழுந்தன்: கூப்பிட்டிருப்பார் மேடம். அவர் நம்பரை, போன் எடுத்தவர் பிளாக் பண்ணிட்டார்.

அதிகாரி: எதுக்கு? நிறுத்தச் சொன்ன மனுஷர் மேல என்ன கோவம்?

அண்ணி: ...சொல்லிடறேன் மேடம். எங்க வீட்டுக்காரர்தான். வெளில வராண்டாவுல இருக்கார், கூப்பிட்டா வந்து கையெழுத்துப் போட்டுருவார். எங்ககிட்ட அன்னிக்கு, தாக்கலை நிறுத்தச் சொல்லிட்டாங்கன்னு மட்டும்தான் சொன்னார், அதான் நாங்களும் விட்டுட்டோம். ஆனா மேடம், தயவுசெஞ்சு அவர் முன்னாடி மட்டும் தும்மிடாதீங்க... ஹைஸ்கூல்ல இருபது வருஷமாத் தமிழ் வாத்தியார். 'நில்' ஏவல் ஒருமையாம். ஒரு ஆசிரியரைப் பாத்து 'நில்லுங்கள்'னு மரியாதையாச் சொல்லத் தெரியாதவன்கிட்ட இனிமே பேச்சே இல்லைன்னு அன்னிக்கே பிளாக் பண்ணிட்டார்.